பாலாற்றுக் கோட்டைக்கு நாலு பேர் வேண்டும்

எனக்குப் போனில் பேச வராது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்யக்கூட என் அம்மா, அம்மிதான் பேசுவார். நான் பக்கத்தில் நின்று புத்தகத்திலுள்ள எண்ணைப் படிப்பேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதற்கு வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். உண்மையான காரணம், பதினொன்றாம் வகுப்பில் முதல் நாள் எல்லோரும் எழுந்து நின்று தங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும் என்று கேள்விப்பட்டதுதான். என் வீரம் அவ்வளவு. நான் ஆபத்தானவள் இல்லை என்பது புரியவேண்டும் என்றுதான் இதை முதலிலேயே எழுதுகிறேன்.

ஆம்பூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் ஷூவின் மேல்தோலைக் கையால் தைக்கிறார்கள். காலையில் ஏஜெண்ட் மூட்டையைப் போட்டுவிட்டுப் போவார். மறுநாள் தைத்ததை எடுத்துப் போவார். எங்கள் வீட்டு முன்னறையில் நான்கு பேர் உட்கார்ந்து தைப்போம். நான், ஹீனா, அவள் தங்கை முபஷ்ஷிரா, எதிர்வீட்டு சௌந்தர்யா.

என் சாச்சா, அதாவது சித்தப்பாவின் மகன் காஷிஃப் கல்லூரியிலிருந்து ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தான். ஒரு கட்டு பிரிண்ட் அவுட், இருபது முகமுள்ள ஒரு பகடை. இரண்டே வாரத்தில் அவனுக்கு அலுத்துவிட்டது, நான் எடுத்துக்கொண்டேன். ஒருத்தி கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதவைத் திறக்கிறேன், சண்டை போடுகிறேன் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்று பகடை சொல்லும். கதை நடத்துபவள் தன் குறிப்பு நோட்டையும் தான் போடும் பகடையையும் ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்துக்கொள்ளலாம். இந்த விதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஷூ பெட்டியின் மூடியை நிறுத்தி வைத்தால் என் முகத்தில் பாதி மறைந்துவிடும்.

பாலாற்று மணலுக்கு அடியில் ஒரு கோட்டையை வைத்தேன். ஹீனா திருடி, முபஷ்ஷிரா மந்திரக்காரி, சௌந்தர்யா வாள்காரி. மற்ற எல்லோரும் நான். அரசன், கிழவி, ராட்சசன் எல்லோருக்கும் என்னிடம் இருந்தது ஒரே குரல்.

"இன்னாடி, உன் ராட்சசனுக்கு ஜலதோஷமா?" என்பாள் ஹீனா. "நேத்து வந்த ராஜாவும் இதே கொரல்லதான பேசுனான்?"

"ரெண்டு பேரும் அண்ணன் தம்பி போல," என்பாள் சௌந்தர்யா, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல். "உடுடி அவள. நீ சொல்லு அலீனா, கதவுக்கு அந்தாண்ட இன்னா இருக்கு?"

பத்தொன்பது வருடத்தில் என்னிடம் யாரும் அப்படி எதையும் ஆவலாகக் கேட்டதில்லை. கதவுக்கு அந்தாண்டை என்ன இருக்கிறது என்று எனக்கே பல நாள் தெரியாது. அவள் கேட்டதும் தெரிந்துவிடும்.

சௌந்தர்யாவுக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தது. அந்த வாரம் ஹீனாவும் முபஷ்ஷிராவும் மூட்டையைத் தங்கள் வீட்டுக்கே எடுத்துப் போய்த் தைத்தார்கள். "அவ வரட்டும்டி, ரெண்டு பேர வெச்சிகினு இன்னா ஆடுறது, பேஜாரு" என்றார்கள். நான் பெட்டி மூடியை நிறுத்தி வைத்துக்கொண்டு தனியாகத் தைத்தேன். யார் யாருக்காக வருகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெளிவானது. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. தகவல்தான்.

சௌந்தர்யா பிளஸ் டூவில் நல்ல மார்க். பாகாயம் பக்கம் ஒரு நர்சிங் பள்ளிக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். அந்த சீட் கிடைக்காவிட்டால் அத்தை ராஜம்மாளின் மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா ரத்தினசாமி தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோலோடு நிற்பவர். வேலை நேரத்தில் போனைத் தொட முடியாது. எப்போதும் வீட்டில் இருப்பவள் நான். என் எண்ணைத்தான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள்.

ஒரு புதன்கிழமை மதியம் போன் வந்தது. மூவரும் முன்னறையில் இருந்தார்கள். நான் தண்ணீர் எடுக்க சமையலறைக்கு வந்திருந்தேன். ஒரு பெண்குரல் ஒரு சீட் காலியாகியிருப்பதாகவும், வெள்ளிக்கிழமைக்குள் அசல் சான்றிதழ்களோடு வரவேண்டும் என்றும் சொன்னது. பத்து நிமிடம் கழித்துக் கூப்பிடும்படி கேட்டுக்கொண்டேன்.

நான் நியாயமாக நடந்துகொள்ள நினைத்தேன். பகடை பாவாடைப் பையில் இருந்தது. பத்துக்கு மேல் விழுந்தால் அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, அம்மிக்கல் பக்கத்தில் போட்டேன். பதினான்கு. மூன்று முறை போட்டால் இரண்டு முறை அப்படி விழவேண்டும் என்று மாற்றிக்கொண்டேன். பதினேழு. பகடை எப்போதும் சௌந்தர்யா பக்கம்தான். ஆனால் கதைக்குத் தேவை என்றால் கதை நடத்துபவள் பகடையை ஒதுக்கிவைக்கலாம் என்று பிரிண்ட் அவுட்டில் ஒரு வரி இருக்கிறது. அதை நான் எழுதவில்லை.

போன் மறுபடி வந்தது.

"நான் சௌந்தர்யாவோட அக்கா பேசறேங்க," என்றேன். "அவளுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆய்டுச்சு. மாப்பிள்ளை வீட்ல படிக்க வேணான்றாங்க. அந்த சீட்ட வேற யாருக்காவது குடுத்துடுங்க, பாவம் யாராவது படிக்கட்டும்."

"சரிம்மா. பொண்ணு நல்லா இருக்கட்டும்."

குரல் நடுங்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருப்பதுபோல ஒரு களைப்புகூட அதில் இருந்தது. ஜலதோஷமில்லாத என் முதல் பாத்திரம். ஹீனா கேட்காமல் போய்விட்டாளே என்று உண்மையாகவே வருந்தினேன்.

முன்னறைக்கு வந்தேன். "யாருடி போன்ல?" என்றாள் சௌந்தர்யா.

"ராங் நம்பர்."

அன்று அவள் பாத்திரத்துக்கு இருளில் ஒளிரும் வாள் ஒன்று கொடுத்தேன். நான் இரக்கமில்லாதவள் இல்லை.

ஒரு மாதம் தினமும் கேட்டாள். பிறகு அவள் அப்பா லீவு போட்டு அவளை பாகாயத்துக்கு அழைத்துப் போனார். அந்தப் புதன்கிழமையே அவளுடைய அக்கா போனில் பேசி சீட் வேண்டாம் என்றுவிட்டதாக அங்கே சொன்னார்களாம். திரும்பி வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். "எனக்கு அக்காவே இல்லியே அலீனா. உன் போன்ல யாரு பேசினது?"

"அந்தப் புதன்கெழம உங்க ராஜம்மா அத்த எங்கிட்ட போன் கேட்டு வாங்கிப் பேசுனாங்க," என்றேன்.

இது பொய்யில்லை. அன்று காலை எட்டு மணிக்கு ராஜம்மாள் தன் போனில் சார்ஜ் இல்லை என்று வாங்கி, பால்காரரிடம் பேசினார். நான் நேரத்தைச் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

ரத்தினசாமி தன் தங்கையின் வாசலுக்குப் போய்த் தெருவே கேட்கும்படி பேசிவிட்டு வந்தார். மறுநாள் ராஜம்மாள் சௌந்தர்யா வீட்டெதிரே கற்பூரம் ஏற்றிக் கையால் அடித்து அணைத்தார். "என் புள்ள மேல சத்தியம்டா அண்ணா, நான் பேசல." அழுகையில் பாதி வார்த்தையை விழுங்கினார், சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஜன்னலிலிருந்து பார்த்தேன். உண்மை பேசுபவர்கள் இவ்வளவு மோசமாக நடிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் நம்பவில்லை. அத்தை மகன் பேச்சு அதோடு நின்றது. அந்த வகையில் சௌந்தர்யாவை ஒரு கல்யாணத்திலிருந்து காப்பாற்றியிருக்கிறேன் என்றும் சொல்லலாம். யாரும் சொல்லாததால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அவள் என் மடியில் படுத்து இரண்டு நாள் அழுதாள். மூன்றாம் நாள் கோட்டையில் ராஜம்மாளின் மூக்குத்தி போட்ட ஒரு சூனியக்காரியை வரவைத்தேன். வாள்காரி அவளை ஒரே வீச்சில் வெட்டினாள். சௌந்தர்யா வெகு நாளைக்குப் பிறகு சிரித்தாள்.

இந்த வருடம் அவள் மறுபடி விண்ணப்பித்திருக்கிறாள். "உன் நம்பர்தான் குடுத்திருக்கேன்," என்றாள். "இந்த வாட்டி யாருகிட்டயும் போனக் குடுக்காத. உன்ன விட்டா எனக்கு யாருடி இருக்கா?"

செய்தது நான்தான். அதை இங்கே எழுதிவிட்டதால் மனம் லேசாக இருக்கிறது. இந்த முறை போன் வந்தால் கண்டிப்பாக அவளிடமே கொடுத்துவிடுவேன். கோட்டைக் கதை மட்டும் அதற்குள் முடிந்திருக்க வேண்டும், பாதியில் விட்டுப் போனால் அவளுக்கே வருத்தமாக இருக்கும். கோட்டைக்கு அடியில் இன்னும் ஏழு தளங்களை நேற்றுதான் வரைந்து முடித்தேன்.