துப்பாக்கி வழியே எம்லினைப் பார்த்தது குறித்து

என் பெயர் நெரிஸ் பியூ, வயது 54. வேல்ஸ் நாட்டில் பொவிஸ் மாவட்டம், பிரைன்தி பண்ணையில் வசிக்கிறேன். தொண்ணூறு ஆடுகளை வைத்துத் தனியாக விவசாயம் பார்த்து வருகிறேன். நரி சுடுவதற்கான துப்பாக்கி உரிமம் பதினொரு வருடங்களாக என் பெயரில் உள்ளது. எம்லின் பிரீஸ், வயது 73, என் கிழக்குப் பக்கத்து நிலத்துக்காரர். ஆறு வருடங்களுக்கு முன் அவருடைய கொம்புக் கிடா கொம்பில்லாத இனமான என் ஆடுகளுக்குள் புகுந்து, அந்த வருடம் எனக்குக் கொம்பு வைத்த குட்டிகளாகப் பிறந்தது முதல் நானும் அவரும் பேசிக்கொள்வதில்லை.

இந்த மார்ச் மாதம் முதல் பத்து நாளில் ஏழு குட்டிகளை நரி கொண்டுபோனது. காலையில் போனால் வாலும் ஒரு காதும் மட்டும் கிடக்கும். விளக்கு அடித்தால் அந்த நரி ஓடிவிடுகிறது. இருட்டில் பார்க்கும் கருவி கடையில் கிடைக்கிறது, ஆனால் அதை வாங்க நான் இருபது ஆடுகளை விற்க வேண்டும். ஆகையால் நானே செய்தேன். பழுதான வேனிலிருந்து பின்புறம் பார்க்கும் சிறு திரையைக் கழற்றினேன். இருட்டிலும் படம் காட்டும் சின்னக் கேமரா ஒன்றைத் தபாலில் வரவழைத்தேன். அதைக் குளியலறைக் குழாய்த் துண்டுக்குள் வைத்து, சைக்கிள் ட்யூப் ரப்பரைச் சுற்றி, துப்பாக்கித் தொலைநோக்கியின் கண் வைக்கும் முனையில் செருகினேன். கண்ணுக்குத் தெரியாத ஒளி வீசும் டார்ச்சை மேலே கட்டினேன். பேட்டரியை என் சாப்பாட்டு டப்பாவில் வைத்து இடுப்பில் மாட்டிக்கொண்டேன். முதல் நாள் திரையில் ஆடுகள் எல்லாம் தலைகீழாக நின்றன. குழாயை அரைச் சுற்று திருப்பியதும் நேராக நின்றன. கும்மிருட்டில், இருநூறு அடிக்கு அப்பால், ஓர் ஆடு அசைபோடும் வாய் தெரிந்தது. சமையலறைக்கு வந்து தனியாகச் சிரித்தேன். இது வழக்குக்குத் தேவையா என்று இந்த வாக்குமூலத்தை எழுதும் காவலரைக் கேட்டேன். சொல்லுங்கள் என்றார்.

மார்ச் 19ஆம் தேதி இரவு சுமார் ஏழே முக்கால் மணிக்கு மேல் வயலின் சுவரோரம் துப்பாக்கியுடன் உட்கார்ந்தேன். துப்பாக்கியில் குண்டு இருந்தது, பாதுகாப்புப் பூட்டுப் போட்டிருந்தேன். அதன் பிறகு ஓடைப் பக்கம் திருப்பிப் பார்த்தபோது, கோரைப் புல்லுக்குள் தரையோடு தரையாக இரண்டு கண்கள் மின்னின. அந்த இடம் எம்லினின் நிலம். ஓடையைத் தாண்டி நரியைச் சுட அவருடைய அனுமதி எனக்குக் கிடையாது. அதையும் மறைக்கவில்லை. இந்தப் பக்கம் வரட்டும் என்று குறியைக் கண்கள் மேலேயே வைத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்டால், ஐந்து நிமிடத்துக்குக் குறையாது. பூட்டை எடுத்துவிட்டேன். விரல் விசைக்கு வெளியே இருந்தது.

அதன் பிறகு, நரியை இந்தப் பக்கம் வரவழைப்பதற்காகப் புறங்கையில் வாயை வைத்து முயல் கத்துவதுபோல் சத்தம் கொடுத்தேன். நரியாக இருந்தால் என்னை நோக்கி வரும், அல்லது ஓடும். இது இரண்டும் செய்யவில்லை. தலையைத் தூக்கியது, காதை மடித்தது, பின்னால் ஏதோ வெள்ளையாக இப்படியும் அப்படியும் அசைந்தது. அது வால் என்று புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. நரி என்னைப் பார்த்து வாலாட்டி நான் கண்டதில்லை. திரையை உற்றுப் பார்த்தேன். நாய்க்குப் பின்னால், நான் மண்மேடு என்று நினைத்திருந்ததில் ஒரு கை இருந்தது.

அதன் பிறகு நான் பூட்டைப் போட்டு, குண்டை எடுத்து, அது இல்லாமல் துப்பாக்கி சுடாது என்கிற போல்ட்டையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். இதற்கு மூன்று முறை முயல வேண்டியிருந்தது. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, முள்வேலியைத் தாண்டி, ஓடையில் இறங்கிப் போனேன். எம்லின் மல்லாந்து கிடந்தார், வலது கால் கோணிக்கொண்டிருந்தது. மெக் என்கிற அவருடைய நாய் அவர் நெஞ்சோடு ஒட்டிப் படுத்திருந்தது. கைவிளக்கை அடித்தேன்.

"மூஞ்சில அடிக்காத! யாரது?"

"நெரிஸ்."

"இந்த ஊர்ல வேற ஆளே கெடைக்கலயா?" என்றார்.

மாலை நாலு மணிக்கு, மல்லாந்து விழுந்த ஓர் ஆட்டைப் புரட்டி நிறுத்தப் போனாராம்; அது எழுந்து ஓடிவிட்டது, இவர் விழுந்துவிட்டார். போன் டிராக்டரில் இருந்தது. அவர் உதடு நீலமாக இருந்தது. என் மேல்கோட்டை அவர் மேல் போட்டேன். சிக்னலுக்காக என் மேல் வயலின் கதவு வரை ஏறி ஓடி அவசர எண்ணுக்குப் பேசினேன். ஐம்பது நிமிடம் ஆகும் என்றார்கள். திரும்பி வந்து அவர் தலைப்பக்கம் உட்கார்ந்து என் ஃபிளாஸ்கிலிருந்த டீயால் அவர் உதட்டை மட்டும் நனைத்தேன்.

"சக்கரையே இல்ல."

"எனக்குன்னு போட்ட டீ. விருந்தாளி வருவாங்கன்னு தெரியாது."

சிறிது நேரம் கழித்து, "இந்த இருட்டுல என்னை எப்டிப் பாத்த?" என்று கேட்டார்.

துப்பாக்கியைக் காட்டினேன். திரை இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

"அது வழியாவா?"

"ஆமா."

"குண்டு இருந்துச்சா?"

"இருந்துச்சு."

அவர் நாயின் காதைப் பிடித்து உருட்டிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆறு வருஷம் காத்திருந்து, கெடைச்ச ஒரே சந்தர்ப்பத்தையும் விட்டுட்டியே," என்று சொல்லிச் சிரித்தார். சிரித்ததில் இடுப்பு வலித்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நான் அப்போது அழுதேன். அவர் பார்க்காதது போல இருந்தார். அதன் பிறகு, நான் கேட்காமலே, "அந்தக் கெடாய நான் வேணும்னு வுடல. கதவ சாத்த மறந்துட்டேன். அத வந்து சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு, நாள் போயிடுச்சு," என்றார்.

"கொம்புக் குட்டிங்க நல்ல வெலைக்குத்தான் போச்சு. எனக்கும் அத வந்து சொல்ல மனசு வரல," என்றேன்.

ஹெலிகாப்டர் ஒன்பது மணிக்குச் சற்று முன் வந்தது. இறங்கும் இடத்தைக் கைவிளக்கால் காட்டினேன். அவரைத் தூக்கும்போது என் சட்டையைப் பிடித்து இழுத்து, "போலீஸ்காரன் கேட்டா டார்ச் அடிச்சுப் பாத்தேன்னு சொல்லு. இல்லேன்னா உன் லைசென்ஸ் போயிரும். நானும் அதையே சொல்றேன்," என்றார். மெக்கை நான் வீட்டுக்கு அழைத்துச் சென்றேன்.

மருத்துவமனையில் அவர் அப்படியே சொல்லியிருப்பதாகக் காவலர் எனக்குத் தெரிவித்தார். அது சரியல்ல. அவர் என் நன்மைக்காகச் சொன்னது. கைவிளக்கில் நான் அவரைப் பார்க்கவில்லை. குண்டு போட்ட துப்பாக்கியை ஒரு மனிதர் கிடந்த இடத்தை நோக்கி ஐந்து நிமிடம் பிடித்திருந்தேன். இதைக் கண்டவர் யாரும் இல்லை, மெக்கைத் தவிர. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன்.

மறுநாளே கருவியைத் துப்பாக்கியிலிருந்து கழற்றி ஒரு கைத்தடியின் மேல் பொருத்திவிட்டேன். இனி முதலில் தடியால் பார்ப்பேன், என்னவென்று தெரிந்த பிறகே துப்பாக்கியைத் தொடுவேன். அந்த நரியை இதுவரை சுடவில்லை. ஆடுகளை மாலையிலேயே கொட்டகைக்குள் அடைக்கிறேன். அதன் பின் ஒரு குட்டியும் போகவில்லை.

எம்லினின் மகள் ஷோனெட் வெளியூரில் வேலை பார்ப்பதால் அவருடைய ஆடுகளுக்கும் நானே தீனி போடுகிறேன். வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். இடுப்பில் உலோகம் வைத்திருக்கிறார்கள், மே மாதம் நடப்பார் என்கிறார்கள். நான் உண்மையைச் சொல்லப்போவதாக அவரிடம் சொன்னேன். பிடிவாதக்காரி என்றார். பிறகு, "எனக்கும் அந்தத் தடி ஒண்ணு செஞ்சு குடு. தெரய மட்டும் பெருசா வை, கண்ணு மங்குது," என்றார். அதற்கான குழாயை நேற்று அறுத்துவிட்டேன்.

என் உரிமம் பற்றி என்ன முடிவு எடுத்தாலும் எதிர்த்துப் பேசமாட்டேன். இதை என் சமையலறை மேஜையில் காவலர் எழுதி, முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டினார். எழுதியது நான் சொன்னபடியே உள்ளது. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை, சொல்லாதே என்றவர் மட்டும் ஒருவர் உண்டு.

(ஒப்பம்) நெரிஸ் பியூ