வரிசையில் முதல் ஃபோல்டர்

அல்சூரில் மெட்ரோ ஏறியபோது, எனக்கு முன்னால் நின்ற இரு பெண்களில் ஒருத்தி ஆபீஸ் அடையாள அட்டையை முறுக்கிக்கொண்டே சொன்னாள்:

"ஃபைலையெல்லாம் காப்பி எடுத்து வைக்க நான் எழுதின கமாண்டு இப்ப ஓடுறதே இல்லடி. எல்லார் மெஷின்லயும் ஷீலா எழுதினதுதான் ஓடுது."

"அவளோடது நல்லா இருக்கோ என்னவோ."

"என்னோடதுதான் வேகம். ரெண்டுக்கும் பேக்கப்னு ஒரே பேரு. அதை டைப் பண்ணா, கம்ப்யூட்டர் தன் லிஸ்ட்ல இருக்கிற ஃபோல்டர் ஒவ்வொண்ணா வரிசையா தேடும். முதல்ல எது கெடைக்குதோ அதை ஓட்டும், அதுக்குமேல பாக்காது. அவ ஃபோல்டர் மேல இருக்கு, என்னுது கீழ."

"வேற பேரு வெச்சுக்கோயேன்."

"நான் ஏன் மாத்தணும்? அந்தப் பேரை முதல்ல வெச்சதே நான்."

"சரி, அவ ஃபோல்டரை மேல போட்டது யாரு?"

அடுத்த ஸ்டேஷன் டிரினிட்டி வந்ததும் அட்டையை முறுக்குவதை நிறுத்தினாள்.

"நான்தான். புதுசா சேர்ந்த பொண்ணு, எழுதினதை ஒரு நாள் ஓட்டிப் பாக்கட்டுமேன்னு போட்டேன். திருப்பி எடுக்க மறந்துட்டேன்."

"இப்ப எடுத்துட வேண்டியதுதானே?"

"காலையில எடுத்தேன், மறுபடி மேலயே போட்டுட்டேன். எடுத்த பத்தே நிமிஷத்துல மேனேஜர் வந்து நிக்கிறாரு. 'ஏம்மா, இன்னிக்கு பேக்கப் ஏன் இவ்ளோ லேட்டாகுது?'ங்கிறாரு."