வெட்டிய படம்

ஆந்திரா தனி மாநிலமான புதிது. திருப்பதியில் சாலையை அகலப்படுத்த இடித்த கடைகளுக்குப் பதில் இடம் வேண்டுமென்றால், பழைய அத்தாட்சி காட்ட வேண்டும். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு விதவையும் அவள் நாத்தனாரும்.

“போட்டோவை ரெண்டா வெட்டிட்டேன் அண்ணி.”

“அடிப்பாவி! என் தம்பிக்கு இருந்ததே அந்த ஒரு படம்!”

“குட்த்தா திருப்பித் தருவாங்களா? அவர ஊட்ல வச்சிக்கினேன். கடைய மட்டும் கொண்டாந்தேன்.”

ஆபீசுக்குள் போன அசல் வெளியே வந்ததை என் குமாஸ்தா சர்வீஸில் நான் பார்த்ததில்லை.

“கடை அவனுதுன்னு எப்டி நம்புவாங்க?”

அவள் படத்தைக் காட்டினாள். வெட்டிய ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு, கடைத் தூணைப் பிடித்திருந்தது.

“ஆறு வெரலு அண்ணி. இந்த ஊர்ல வேற யாருக்கு இருக்குதுன்னு அவங்களையே தேடச் சொல்லு.”