காணாமல்போன ஒரு மேடு

எனக்குப் பிளேன்டீ போதும் சேர், சீனி போடாம. விசாரணைக்கு வந்த நீங்க கேட்டபடியே முதல்லயிருந்து சொல்றேன்.

எங்கட வேலை ஒண்டும் மந்திரமில்லை. கற்பிட்டிக்கு அங்கால கடலில வாயு தேடித் தோண்டுற கிணத்துச் சேத்தில கடுகைவிடச் சின்னச் சிப்பி கிடக்கும். உலகம் குளிர்ந்து கிடந்த காலத்துச் சிப்பியில பாரமான ஒட்சிசன் கூட, சூடான காலத்துச் சிப்பியில குறைய. அளந்து கோடு கீறினா மேடும் பள்ளமுமா வரும். ஒரு கிணத்துக் கோட்டை மற்றக் கிணத்துக் கோட்டோட பொருத்தினா எந்த மண்படை எங்க இருக்கெண்டு தெரியும். முதல் கிணத்தில அஞ்சாம் மேட்டுக்குக் கீழதான் வாயு இருந்தது.

ரெண்டாம் கிணத்தை ஷிஹாரா பொருத்தினாள். எத்தாளை ஊர்ப் பிள்ளை, எனக்குக் கீழ வேலை. கெட்டிக்காரி, அதுதான் கரைச்சல். முந்தின கூட்டத்தில பெரியாக்கள் எல்லாரும் இருக்க, "சேர், நீங்க கோட்டைத் தலைகீழாக் கீறியிருக்கீங்க" எண்டாள். உண்மைதான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். நெஞ்சு மட்டும் பத்தி எரிஞ்சது.

இந்தமுறை பிழை அவள்ட. ரெண்டாம் கிணத்தில கடல் ஒரு மேட்டுக்குரிய மண்படையையே அரிச்சுக்கொண்டு போயிருந்தது. அது தெரியாம மேலயிருந்து எண்ணி, ஆறாம் மேட்டை அஞ்சாம் மேடெண்டு எடுத்து, வாயு இன்னும் ஆழத்தில எண்டு எழுதிட்டாள். அரிச்ச தடம் என்ட கண்ணுக்குப் பளிச்செண்டு தெரிஞ்சது.

"சரிதானே சேர்? நானா அந்தக் கிணத்துக் கப்பல்லதான் துளை போடுறார்" எண்டு கேட்டாள். நானாவெண்டா அவள்ட ஒரே அண்ணன், ஃபஸ்லான்.

"ஓம் மகள், பயப்படாம அனுப்புங்க" எண்டேன்.

வாயுவை அமுக்கிப் பிடிக்கிற பாரமான சேத்தை அவள் சொன்ன ஆழம் வரும்போதுதான் இறக்குவாங்க. வாயு அதுக்கு முந்தியே வெளிக்கிட்டுது, கப்பல் பத்திச்சுது. ஃபஸ்லான்ல கபன் துணி சுத்தி அடக்கப் பெரிசா ஒண்டும் மிஞ்சல்ல. ஆக்கள் சாவாங்க எண்டு தெரியாதா எண்டு கேக்குறீங்க. தெரியும் சேர். அவளுக்கு ஒரு பாடம் வேணுமா இருந்தது, அவ்வளவுதான்.

இப்ப அவள் ஒழுங்காச் சாப்பிடுறதில்லை. "என்ட நானாவ நானே மவுத்தாக்கிட்டேன் சேர்" எண்டு என்னட்டத்தான் வந்து அழுவாள். "அல்லாஹ்ட நாட்டம் மகள், ஆருக்கும் பிழை வாறதுதானே" எண்டு ஆறுதல் சொல்லுவேன். அவள் அழுதிட்டுப் போற நாளில எனக்கு நல்லா நித்திரை வரும்.

ஒண்டே ஒண்டுதான் கேக்குறேன் சேர். இதை ஷிஹாராட்டச் சொல்லிடாதீங்க. என்னை வாப்பா மாதிரி நினைச்சிருக்கிறாள். அந்தப் பிள்ளைட மனசை உடைக்கிற அளவுக்கு நான் கல்நெஞ்சன் இல்லை.