ஏழாம் கட்டிலின் மணி

ஒரு மணி ஆனால் நான் சாப்பிட்டாக வேண்டும். அரை மணி தள்ளினாலும் நெற்றிப்பொட்டில் வலி கிளம்பிவிடும். சின்ன வயதிலிருந்தே அப்படி. அக்காவுக்குத் தெரியும். எந்த ஷிஃப்டில் இருந்தாலும் சரியாக ஒரு மணிக்கு வார்டிலிருந்து போன் போட்டுவிடுவாள்.

"டேய் பட்டன், தின்னியா?"

எதைக் கண்டாலும் அமுக்கிப் பார்க்கிற பிள்ளை என்பதால் பட்டன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு என்னை ஆளாக்கியது அவள்தான். அந்த மும்முரத்தில் தன் கல்யாணத்தை மறந்துவிட்டாள் என்று அவளே கேலியாகச் சொல்வாள். தான் நர்சாக இருந்த மருத்துவமனையிலேயே எனக்கும் வேலை கேட்டாள். "என் தம்பி மெஷினோட நல்லாப் பேசுவான் சார். மனுஷங்ககிட்டதான் வாயைத் திறக்க மாட்டான்" என்று சூப்பரின்டெண்டிடம் சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என் பொறுப்பு லாக் சர்வீஸ் என்ற பதிவு மென்பொருள். மருத்துவமனையில் உள்ள ஒவ்வொரு கருவியும், கட்டிலோர மானிட்டர் முதல் லிஃப்ட் வரை, தனக்கு எது நடந்தாலும் ஒரு வரி எழுதி அனுப்பும். சர்வீஸ் அந்த வரியைப் பிரித்துப் பார்த்து, நேரம் குறித்து, ஃபைலில் சேர்க்கும். அபாயம் என்றால் கூடவே நர்சின் இடுப்பிலிருக்கும் பேஜருக்கும் தள்ளும். பேஜர் அடிக்கும். நர்ஸ் ஓடுவாள்.

அன்று காலையிலிருந்து சர்வீஸ் படுத்துக்கொண்டே இருந்தது. கிளப்புவேன், பத்து நிமிடத்தில் மறுபடி படுத்துவிடும். நோண்டிப் பார்த்தால் ஏழாம் கட்டில். மானிட்டரில் ஒரு கம்பி தளர்ந்து, 'தொடர்பு விட்டது, தொடர்பு வந்தது' என்று நிமிடத்துக்கு முந்நூறு வரி. ஒன்றுக்கும் உதவாத வரிகள். நான் ஒரு விதி எழுதினேன். ஏழாம் கட்டிலிலிருந்து எது வந்தாலும் பிரித்துப் பார்க்காதே, நேரே ஃபைலில் கொட்டு. அவ்வளவுதான். சர்வீஸ் எழுந்து உட்கார்ந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து கம்பியை மாற்றச் சொல்லி, விதியை எடுத்துவிடுவதாக எண்ணம். அப்போது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

சாப்பிட்டேன். எழுந்து கை கழுவும்போது ஒரு டாக்டரின் பிரிண்டர் மக்கர் செய்கிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். விதி அப்படியே இருந்தது.

ஏழாம் கட்டிலில் ஒரு பஸ் டிரைவர். அறுவை சிகிச்சை முடிந்து தேறியவர், மறுநாள் வீட்டுக்குப் போக வேண்டியவர். அதை மகளுக்குச் சொல்ல அவர் மனைவி போனோடு கீழே இறங்கியிருந்தார். டிரைவர் தூங்கட்டும் என்று கட்டிலோரச் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள். பேஜரை நம்பித்தான் அந்த வார்டே நடந்தது. மூன்று பன்னிரண்டுக்கு அவருடைய இதயம் நின்றது. மானிட்டர் அனுப்பிய அபாய வரி, என் விதிப்படி, பேஜருக்குப் போகாமல் நேரே ஃபைலில் விழுந்தது. என் அக்கா திரைக்கு அந்தப் பக்கம் வேறொருவருக்குப் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். திரையை விலக்கியபோது மூன்று இருபத்தைந்து.

செய்தி எனக்கு மூன்று நாற்பதுக்கு வந்தது. விதியை எடுத்தேன்.

மறுநாள் காலை சூப்பரின்டெண்ட் கூப்பிட்டார். "பேஜர் அடிக்கவே இல்லைன்னு உங்க அக்கா சாதிக்கிறாங்க. லாக்கைப் பார்த்தா தெரிஞ்சிடும்ல? கொண்டா."

தெரிந்துவிடும். பன்னிரண்டு ஐம்பத்தைந்தில் என் பெயரோடு விதி. மூன்று பன்னிரண்டில் அபாய வரி. பேஜருக்குப் போன தடமே இல்லை. மூன்றே இடங்களில் அக்கா சொன்னது அத்தனையும் உண்மை என்று எழுதியிருந்தது.

"சர்வீஸே நேத்துலேருந்து கோளாறு சார்" என்றேன். "கம்பெனிக்காரங்க கேக்குற தகவலைச் சேகரிச்சு அனுப்பணும். அதுக்கப்புறம்தான் எதையும் உறுதியாச் சொல்ல முடியும்."

"சரி, முறைப்படி பண்ணு."

முறைப்படிதான் பண்ணினேன். கோளாறு வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனி கொடுத்த தாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே இருக்கிறது. ஒன்று, பழைய ஃபைல்களைப் பிரதி எடுத்துக்கொள்ளவும். இரண்டு, சர்வீஸை டீபக் நிலைக்கு மாற்றவும். மூன்று, நாற்பது நிமிடம் ஓடவிடவும். நான்கு, எல்லாவற்றையும் கட்டி அனுப்பவும்.

நான் இரண்டிலிருந்து தொடங்கினேன்.

டீபக் என்றால், இண்டு இடுக்கு விடாமல் எல்லாவற்றையும் எழுது என்று உத்தரவு. சர்வரில் எட்டு ஃபைல்களுக்குத்தான் இடம். புதிது ஒன்று பிறந்தால் பழையது ஒன்று அழியும். சாதாரணமாக ஒரு ஃபைல் நிரம்ப ஒரு நாள். டீபக்கில் ஐந்து நிமிடம். முந்தைய நாளின் ஃபைல் அழிய முப்பத்தைந்து நிமிடம் ஆகும் என்று விரல் விட்டுக் கணக்கிட்டேன்.

இருபதாவது நிமிடம் போன் அடித்தது.

"டேய் பட்டன், அதுல இருக்கும்ல? அடிக்கலன்னு?"

"எல்லாம் இருக்கும்க்கா. பார்த்துட்டுச் சொல்றேன்."

"நீ இருக்கிறதால தைரியமா இருக்கேன்டா. வேற எவனாவது இருந்தா எனக்குப் பயமா இருந்திருக்கும்."

அப்போது அந்த ஃபைல் இருந்தது. இன்னும் கால் மணி நேரம் இருந்தது. பிரதி எடுக்க ஒரு பட்டன் அமுக்கினால் போதும். நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முப்பத்தைந்தாம் நிமிடம் அது போயிற்று. சத்தமே இல்லை.

அறிக்கையில் 'அந்த நேரத்துக்கான பதிவுகள் கிடைக்கவில்லை' என்று எழுதினேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பிறகு எல்லோர் முன்னாலும் பேஜரைச் சோதித்தார்கள். சோதனைப் பட்டனை அமுக்கியது நான்தான். கணீரென்று அடித்தது. டிரைவரின் மனைவி அக்காவைத்தான் பார்த்தார்.

"அடிச்சுதாம்மா?"

"அடிக்கலம்மா. சத்தியமா அடிக்கல."

அக்காவை அன்றே வீட்டுக்கு அனுப்பினார்கள். நர்ஸ் என்ற தகுதியையும் பறித்தார்கள்.

ஏன் செய்தாய் என்று கேட்டால் காரணம் இருக்கிறது. உண்மை வந்திருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன், ஒருவேளை சிறைக்கும். என்னை ஆளாக்கியவள் அதைத் தாங்கியிருக்க மாட்டாள். அவளைக் காப்பாற்ற வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

வீட்டில் அவளைத் தனியாக விட்டதே இல்லை. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னேன். "அசதியா இருந்திருப்பேக்கா. அடிச்சது காதுல விழாமப் போயிருக்கலாம். மனுஷங்கதானே." முதலில் கோபப்பட்டாள். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். பிறகு கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். ஐந்தாம் மாதம் ஒரு காலை, துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"அடிச்சிருக்கும்டா. யோசிச்சா லேசா கேட்ட மாதிரிதான் இருக்கு."

அன்று டிரைவர் வீட்டுக்கு அவளை என் வண்டியில்தான் கூட்டிப்போனேன். உள்ளே போய் அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். நான் வாசலில் வண்டியோடு நின்றிருந்தேன். பின்னால் ஏறி உட்கார்ந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லைன்னா நான் என்னாகியிருப்பேனோ" என்றாள்.

கம்பெனித் தாளில் ஐந்தாவதாக ஒன்று உண்டு. சர்வீஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, நாமே லாக்கில் ஒரு வரி எழுதிப் பார்க்கவும். எல்லோரும் 'சோதனை' என்று எழுதுவார்கள். நான் இதையெல்லாம், நடந்தது முழுவதையும், எழுதுகிறேன். மாதம் ஒரு முறை, டீபக்கில் போட்டுவிட்டு, ஒன்று விடாமல், வரி வரியாக. இன்றோடு பதினோராவது முறை. இதற்கு மேல் ஒருவன் எப்படி ஒப்புக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு இருபதுக்குத் தொடங்கினேன். இப்போது மணி ஒன்று. சாப்பாட்டைப் பற்றி எழுதிய முதல் வரி இந்நேரம் அழிந்திருக்கும். மற்றவையும் பின்னாலேயே போய்விடும்.

போன் அடிக்கிறது. அக்காதான். வேலை போனாலும் இதை மட்டும் அவள் விடவில்லை. தின்னியா என்று கேட்பாள். தின்னேன்க்கா என்பேன். அவளிடம் நான் சொல்கிற பொய் அது ஒன்றுதான்.