கணக்கில் வராத ஆட்டம்

கால்பந்து சீசன் தொடங்குவதற்கு முன் நடக்கும் பயிற்சி ஆட்டங்களில் யார் ஜெயித்தார்கள் என்று பார்க்கக் கூடாது சார். அந்தக் கோல்கள் எந்தப் பட்டியலிலும் ஏறாது. இடைவேளைக்குப் பிறகு மொத்த அணியையும் மாற்றிவிடுவார்கள். முதுகில் பெயர்கூட அச்சடிக்காத புதுமுகங்கள் நாற்பத்தேழு, ஐம்பத்திரண்டு என்ற எண்களோடு ஓடுவார்கள். மைதானத்தில் ஒரு பக்க மாடியை மட்டும்தான் திறந்துவிடுவார்கள். அதுவும் பாதி காலியாகக் கிடக்கும். நானும் என் மச்சானும் இருபத்தாறு வருஷமாக அப்படிப்பட்ட ஆட்டங்களில் ஒன்றைக்கூட விட்டதில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் தம்பி. பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். நான் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். எங்களுக்கு இருந்த ஒரே பொது விஷயம் என் மனைவி. அவளுக்குப் பிறகு இந்த அணி. ஆறு வருஷத்துக்கு முன் அவள் போனபோது இரண்டு பெட்டியோடு வந்து இறங்கினான். "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன் அத்தான்" என்றான். அவனுடைய மனைவி அதற்கு முன்பே தவறியிருந்தாள். மகள் கல்யாணமாகி, விமானத்தில் ஒன்பது மணி நேரம் போகிற தூரத்தில் இருக்கிறாள். அந்த ஒரு வாரம் முடியவே இல்லை. காலையில் அவன் காபி போடுவான், நான் துணி காயப்போடுவேன். சனிக்கிழமைகளில் பதினான்காம் வரிசையில், சீசன் முழுவதற்கும் பணம் கட்டி வைத்த பக்கத்துப் பக்கத்து நாற்காலி.

மூன்று வருஷத்துக்கு முன் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. அதோடு பஸ் ஓட்டுவதை நிறுத்திவிட்டார்கள். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு சின்னக் குப்பியில் மாத்திரை கொடுத்தார் டாக்டர். ஒன்று வைத்து ஐந்து நிமிஷம் பார்க்க வேண்டும். அடங்காவிட்டால் உடனே ஆம்புலன்ஸ். அவன் சாவியையே மறந்துவிட்டுப் போகிற ஆள். அதனால் குப்பி எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும். அதை ஒரு நாளும் நான் மறந்ததில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்கு நாலு மணி ஆட்டம். நல்ல வெயில். முதல் பாதியை நாங்கள் எப்போதும்போல ரசித்தோம். புது சென்டர் பார்வர்டு பந்தைக் காலில் வாங்கும்போதெல்லாம் அது இரண்டு கஜம் தள்ளிப்போய் விழுந்தது. "சிமெண்டு மூட்டைய எறக்குன மாதிரி இருக்கு" என்றான் மச்சான். புதுப் பயிற்சியாளரின் கண்ணாடியைப் பார்த்து நான் மைனஸ் ஆறு என்றேன். "அப்ப அவருக்கு அந்தப் பக்கத்து கோல் போஸ்டே தெரியாது. அதான் யாரும் அங்க போக மாட்டேங்கறான்" என்றான். முன் வரிசையில் இருந்தவர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகியிருந்தது.

இடைவேளையில் ஆளுக்கு ஒரு காகிதக் கோப்பையில் டீ வாங்கி வந்தோம். அவன் கோப்பையைக் கையிலேயே சுற்றிக்கொண்டிருந்தான்.

"அத்தான், இந்த சீசனுக்கு என் சீட்டப் புதுப்பிக்க வேணாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"பாப்பா வந்துடுப்பான்னு கூப்ட்டுக்கிட்டே இருக்கா. அடுத்த மாசம் போயிடலாம்னு…"

நான் டீயை ஒரு வாய் குடித்தேன்.

"மிச்சத்த ஆட்டம் முடிஞ்சு பேசலாம். இப்பச் சொன்னா நீங்க ஆட்டத்தப் பாக்க மாட்டீங்க" என்றான்.

"சரி" என்றேன்.

அந்தச் "சரி"யைச் சொன்னபோது எனக்குக் கோபம் இருந்ததாக நினைவில்லை. அடுத்த மாதம் காபியை யார் போடுவது என்று யோசித்தேன். கூடத்தில் டிவியை எந்தச் சத்தத்தில் வைப்பது என்று யோசித்தேன். அவன் நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அந்த ஆள் என்னோடு பேசாத ஆளாக இருக்கலாம், அதைவிட மோசம், பேசுகிற ஆளாக இருக்கலாம்.

இரண்டாம் பாதியில் அணியே மாறியிருந்தது. நாற்பத்தேழாம் எண்காரன் இடது ஓரத்தில் நன்றாக ஓடினான். அவனைப் பற்றி நான் ஏதோ சொன்னேன், பதில் வரவில்லை. திரும்பினேன். மச்சானின் நெற்றியெல்லாம் வியர்வை. இடது கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். கடிகாரத்தில் அறுபத்து மூன்றாவது நிமிஷம்.

"அத்தான், மாத்திர."

நான் பைக்குள் கைவிட்டேன். குப்பி விரலில் பட்டது. அதை அப்படியே உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். குலுங்கினால் மாத்திரைகள் சத்தம் போடும் சார், அதனால்.

"வீட்லயே விட்டுட்டு வந்துட்டேன் போலிருக்கு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்திருந்தால் நான் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். சந்தேகம் இல்லை. "பரவால்ல விடுங்க, நீங்க மனசப் போட்டு வருத்திக்காதீங்க" என்றான். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக நான் மறந்துவிட்டதற்கு எனக்கே ஆறுதல் சொன்னான்.

கோல் போஸ்டுக்குப் பின்னால் ஆம்புலன்ஸ் நின்றது. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு பேர், ஒருத்தர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். கை தட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்.

"அவங்களக் கூப்பிடலாமா அத்தான்?"

"கொஞ்சம் பொறு. இன்னும் இருபது, இருபத்தஞ்சு நிமிஷந்தான். முடியட்டும்."

தலையாட்டினான். நான் சொன்னால் அவன் கேட்பான். என் மனைவி கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபோது அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, அத்தான் சொல்றதக் கேட்டு நட என்றுதான் சொன்னாள்.

தோளைச் சுற்றிக் கைபோட்டு என்மேல் சாய்த்துக்கொண்டேன். மற்றக் கை பையிலேயே இருந்தது. நான் ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன், அவனால் தலையை நிமிர்த்த முடியவில்லை என்பதால். லெப்ட் பேக் ரொம்ப மேலே ஏறிவிடுகிறான், கோல்கீப்பர் வாயே திறக்க மாட்டேன் என்கிறான், இப்படி. முதலில் ம் போட்டான். "காலெல்லாம் சில்லுன்னு இருக்கு" என்றான் ஒரு தடவை. அப்புறம் ம் நின்றுவிட்டது. எண்பத்தோராவது நிமிஷத்தில் நாற்பத்தேழாம் எண்காரன் தூரத்திலிருந்து ஒரு கோல் அடித்தான். எல்லாரும் எழுந்தார்கள். நான் எழுந்தால் அவன் சரிந்துவிடுவான் என்பதால் நான் எழவில்லை. நல்ல கோல் என்று பிறகு பேப்பரில் படித்தேன். ஆள்களின் முதுகு மறைத்துவிட்டது.

விசில் ஊதி எல்லாரும் போன பிறகும் உட்கார்ந்திருந்தோம். கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்த அம்மா, "ஐயா தூங்குறாரா?" என்று கேட்டார். "ஆம்புலன்ஸ்காரங்களக் கொஞ்சம் கூப்பிடுங்கம்மா" என்றேன். அவர்கள் ஓடி வந்தார்கள், நல்ல மனிதர்கள். ஒருவர் கையில் ஆரஞ்சு வாசனை அடித்தது. டாக்டர் ஏற்கெனவே இருந்த இதய நோய் என்று எழுதிக் கொடுத்தார். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. மாத்திரையை மறந்துவிட்டேன் என்று நானாகவே சொல்லி அழுதபோது எல்லாரும் என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அந்த அழுகை பொய் இல்லை சார்.

பிறகு ஏன் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று கேட்பீர்கள். நேற்று அவன் மகள் அவனுடைய அறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். அவனுடைய பழைய ஜெர்சியை என்னிடம் நீட்டினாள்.

"கடைசி வரைக்கும் நீங்க பக்கத்துலயே இருந்தீங்க மாமா. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்" என்றாள்.

நான் ஜெர்சியை வாங்கிக்கொண்டேன்.

"இனிமே நீங்க ஒத்தையா இங்க இருக்க வேணாம். வீடு பாத்தது பாத்ததாவே இருக்கட்டும், நீங்க வந்துடுங்க."

"எந்த வீடும்மா?"

"அதான் மாமா, எங்க ஊர்ல உங்க ரெண்டு பேருக்கும் பாத்த வீடு. ஆளுக்கு ஒரு ரூம். மாமாவ விட்டுட்டு நான் ஒரு அடி நகர மாட்டேன்னு அப்பா கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அன்னிக்கு ஆட்டத்துல உங்க கிட்டப் பேசறேன்னாரே. சொன்னாரா?"

"சொன்னான்ம்மா" என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "என்ன சொன்னீங்க?"

"சரின்னேன்."

இதோ, குப்பி. அவனுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரை அத்தனையும் உள்ளே அப்படியே இருக்கிறது. நான் மறக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே இல்லை என்று சொன்னேன், கூப்பிடு தூரத்தில் ஆள் இருந்தும் கூப்பிடவில்லை, அவன் சாகும்வரை தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன்.

ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார். எந்த விஷயத்தையும் அவன் முழுசாகச் சொல்ல மாட்டான். பாதியைச் சொல்லிவிட்டு மிச்சத்தை அப்புறம் என்பான். இடைவேளையிலேயே எல்லாவற்றையும் சொல்லியிருந்தால் இன்றைக்கு இரண்டு பேரும் பெட்டி கட்டிக்கொண்டிருப்போம். இந்தப் பழக்கத்தை விடச் சொல்லி நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன், அவன்தான் கேட்கவில்லை.