லாபம், ரெண்டு, மூணு

எழுதும்மா. அடிதடின்னு எழுது. எதிராளி பேரு மருதையன். அப்பன் பேரு கேக்காத, என் அப்பன்தான் அவனுக்கும்.

என்ன முழிக்கிற. ஒங்க ஆம்புலன்ஸ் பாரத்துல அதுக்கு எடம் இல்லியா? நெஞ்சுவலிக்கு ஒரு கட்டம், பாம்புக்கடிக்கு ஒரு கட்டம். கூடப்பொறந்தவன் நெஞ்சுல ஏறி அமுக்குனா அதுக்குக் கட்டம் இல்ல. சரி, ஓரத்துல எழுது. சிங்காரவேலு, எழுவத்தொரு வயசு. விலா எலும்பு ரெண்டு. மூணா? தடவிப் பாத்தே எண்ணிட்டியா. மூணுன்னே எழுது.

மொதல்ல இந்த மூக்குல மாட்டுனத எடு. பேச முடியல. சரி, எடுக்கல, எறக்கிக்கிறேன். நெஞ்சுல என்னத்த ஒட்டுற? நல்லா ஓடுதாமா? அதத்தான் குடவாசல்ல வண்டி ஏறுனதுலேருந்து சொல்லிக்கிட்டு வர்றேன். எழுவத்தொரு வருஷமா ஓடுது, ஒரு நாள் ரிப்பேர் இல்ல. மத்தியானம் சோத்தத் தின்னுட்டுப் படுத்தேன். அவ்வளவுதான் நான் செஞ்சது.

எங்கயா? கொள்முதல் நெலையத்துல. நெல்லுல ஈரம் இருக்குன்னுட்டாங்க. களத்துல கொட்டிக் காயப்போட்டுட்டு நாலு நாளா காவல் கெடக்குறேன். பக்கத்துக் குவியல் அவனது. நடுவுல ஒரு தார்ப்பாய். ஒரு வார்த்தை பேச்சு கெடயாது. இந்த நாலு நாளா இல்ல, பதினோரு வருஷமா. அவன் மோட்டார் போடணும்னா அவன் பொண்டாட்டி சாவித்திரி எனக்கு போன் போடும். "மாமா, ஒங்க தம்பி மோட்டார் போடப் போறாராம்." அவன் பக்கத்து வயல்லதான் நிப்பான். இருமுறது நேராவும் கேக்கும், போன்லயும் கேக்கும்.

சிரிக்காத. எழுது.

எல்லாத்துக்கும் ஒங்க ஆளுங்கதான் காரணம். போன வாரம் சொசைட்டி ஆபீஸ்ல ஒரு பொம்மைய வச்சுப் பாடம் எடுத்தீங்கல்ல. நீ இல்ல, வேற ஒரு புள்ள. பொம்மைக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்ல. ஆளு விழுந்து கெடந்தா தோளத் தட்டு, கூப்புடு. பதில் இல்லியா, நூத்தியெட்டுக்கு அடி. மூச்சு ஓடுதான்னு பத்து எண்ணுற வரைக்கும் மாரப் பாரு. ஓடலியா, நடு நெஞ்சுல ரெண்டு கையையும் வச்சு, ரெண்டு அங்குலம் எறங்குற மாதிரி அமுக்கு. வேகமா அமுக்கு. முப்பது தடவ. பொறவு வாயில ரெண்டு ஊது. வண்டி வர்ற வரைக்கும் விடாத. நான் வாசப்படியில முதுகக் காட்டி உக்காந்து கேட்டேன். ஏன்னா அவன் மொத வரிசையில இருந்தான். பொம்மைய அமுக்க மூணு தடவ போயி நின்னான். பொம்மை போதாம ஆளத் தேடிக்கிட்டு இருந்திருக்கான்.

இன்னொண்ணு வேற சொல்லிட்டுப் போச்சு அந்தப் புள்ள. நெஞ்சு நின்னுபோன ஆளு செல நேரம் மீன் மாதிரி வாயத் தொறந்து தொறந்து இழுப்பாரு, அத மூச்சுன்னு நெனச்சு ஏமாந்துடாதீங்க, அமுக்குங்கன்னு. நல்லா சொல்லிச்சு. நான் இழுக்குறேன், அவன் ஏமாறவே இல்ல. விடுடாங்குறேன், காத்துதான் வருது. என் மூஞ்சியப் பாத்தாத்தானே. தன் கையவே பாத்துக்கிட்டு எண்ணுறான். எப்படி எண்ணுறான் தெரியுமா? லாபம், ரெண்டு, மூணு.

நீ டவுன் புள்ள, ஒனக்குத் தெரியாது. மரக்கா வச்சு நெல்லு அளக்கையில மொத மரக்காவ ஒண்ணுன்னு சொல்லமாட்டோம். லாபம்னுதான் ஆரம்பிக்கிறது. எங்கப்பாரு எங்க ரெண்டு பேருக்கும் அப்படித்தான் எண்ணவே சொல்லிக்குடுத்தாரு. அதுக்காக? என் நெஞ்சு என்ன மரக்காவா? முப்பது ஆனதும் ரெண்டு ஊது, மறுபடி லாபம். வெத்தலை, சீவல், புகையில, எல்லாம் சேந்து என் வாய்க்குள்ள. சாவறதுன்னா அதுலயே செத்திருப்பேன். மூணாவது லாபத்துல முட்டிய மடக்கி ஒரு ஒதை விட்டேன். நெல்லுல போயி உருண்டான். அப்பவும் விட்டானாங்குற? எழுந்து ஓடியாந்து திரும்பத் தோளத் தட்டுறான். மொதல்லேருந்து ஆரம்பிக்கிறான்மா. மூட்டை தூக்குறவங்க நாலு பேரு சேந்துதான் அவன இழுத்தாங்க.

எதுக்குப் பேச்சு இல்லியா? வரப்பு. எம் பக்கம் நாலு விரக்கடை வெட்டித் தள்ளிட்டான்னு சொன்னேன். ஊருக்கே கேக்குற மாதிரி சொன்னேன். சர்வேயரக் கூட்டியாந்து அளந்தோம். நாலு விரக்கடை இருந்துச்சு... எம் பக்கம்தான் கூட இருந்துச்சு. அத எழுதாத.

அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானும் நாலு வார்த்தை கத்திட்டு முடிச்சிருப்பேன். கேக்கல. வரப்ப அப்படியே விட்டுட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கல. மூத்தவன், நான் போயா மொதல்ல பேசுறது?

என்ன? தட்டிக் கூப்புட்டப்பவே எழுந்திருச்சிருக்கலாமேங்குறியா. தூங்கிட்டேன்.

தூங்குனேன்மா. வாயில ஈ உக்காந்திருந்துச்சாம், நான் தொரத்தலையாம், அதப் பாத்துட்டு வந்திருக்கான்.

இத்தன கேக்குறியே, இதெல்லாம் பாரத்துல இருக்கா?

...முழிச்சுக்கிட்டேன். அவன் நடந்து வர்றப்பவே முழிச்சுக்கிட்டேன். தோளத் தட்டுனான். அண்ணேன்னான்.

பதினோரு வருஷம்.

கண்ணத் தொறந்தா எழுந்து போயிடுவான், எனக்குத் தெரியும் அவன. இன்னொரு தரம் சொல்லட்டும்னு கெடந்தேன். சொன்னான். கொரலு ஒடஞ்சு போச்சு. பொறவு சத்தம் இல்ல, மாரப் பாக்குறான். பத்து எண்ணுவான்னு எனக்குத் தெரியாதா, நானுந்தான் வாசப்படியில கேட்டேன். மூச்ச அடக்கிக்கிட்டேன். பத்து முடிஞ்சதும் மூணாவது தரம் அண்ணேன்னு கூப்புடுவான், எழுந்து நாலு திட்டு திட்டுவோம்னு நெனச்சேன். நான் எட்டுதான் எண்ணியிருப்பேன். அவன் லாபம்னு எறக்கிட்டான். அவசரக்குடுக்கை. அறுப்புலயும் இப்படித்தான், பழுக்க விடமாட்டான்.

அந்த அடிதடிய அழிச்சுடு. நெல்லுக் குவியல்லேருந்து விழுந்தேன்னு எழுது.

அவன் முன்னாடி டிரைவர் பக்கத்துலதானே உக்காந்திருக்கான். எட்டிப் பாரு. அழுவுறானா? துண்ட வாயில வச்சுக்கிட்டா? ம்.

நான் இன்னும் அவங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. ஒதைச்சது கணக்குல வராது.

தஞ்சாவூருக்கு இன்னும் நேரம் இருக்கா? அப்ப ஒண்ணு செய்யி. அந்தத் தடுப்புக் கண்ணாடியத் தள்ளி விடு. நான் கண்ண மூடிக்கிறேன். மூச்சு நல்லாத்தான் விடுவேன், நீ பயப்படாத. ஒங்கண்ணன் பேச்ச நிறுத்திட்டாரு, கூப்புட்டுப் பாருங்கன்னு மட்டும் அவங்கிட்ட சொல்லு.

ரெண்டு தரம் கூப்புடட்டும். மூணாவதுக்கு எழுந்துடுவேன்.

மாருல கைய வைக்க மட்டும் விட்டுடாத.